முப்பதிலிருந்து ஐம்பது வரை

உளுந்து டப்பாவில் வண்டு விழுந்துவிட்டது. நீ இருந்தால் மூடியைச் சரியாகத் திருகவில்லை என்று என்னைத்தான் திட்டியிருப்பாய். திட்ட ஆளில்லாததால் நானே என்னைத் திட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படி அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கினேன். தை பிறக்க இன்னும் நான்கு நாள். நீ போன வருஷம் என்பதால் இந்தத் தடவை நம் வீட்டில் பொங்கல் கிடையாது. ஆனால் வண்டுக்கு அதெல்லாம் தெரியாது.

இரண்டாவது தட்டில் விரித்திருந்த செய்தித்தாளை உருவினேன். போன பொங்கலுக்கு நீ விரித்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே விரித்தாய். நான் எழுந்து வந்து உதவினேனா? இல்லை. கட்டிலில் இருந்தபடி, "இப்ப இதுதான் அவசரமா" என்று கேட்டேன். அந்தச் செய்தித்தாளுக்கு அடியில், கவிழ்த்துப் போட்டபடி ஒரு கிராப் பேப்பர் இருந்தது. ஓரம் மட்டும் பழுத்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். அதன் பிறகு உளுந்தும் போச்சு, வண்டும் போச்சு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பேப்பரின் இடது பாதியில் ஒரு படம், வலது பாதியில் ஒரு படம். இடது பக்கம் நான் வரைந்தது, நீலப் பென்சிலால். வலது பக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும், அது உனக்குத் தெரியும். வாயால் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்கலாம். கேள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். தாயில்பட்டியிலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம். நான் காயவைக்கும் மேடைக்குப் போர்மேன், நீ அந்த மேடையில் பரப்புகிற ஆள். வாணம் மேலே போய் விரியும்போது வண்ணம் காட்டுகிற சின்னச் சின்ன உருண்டைகளை மணி மருந்து என்போம். ஈரத்தோடு தட்டுத்தட்டாக வரும் அதை வெயிலில் சீராகப் பரப்ப வேண்டும். குவியலாக வைத்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் என்ன நடக்கும் என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் என் வேலையே கத்துவதுதான். "பரப்பு. கும்பமா வைக்காத. அகலமான மேடையா, இன்னும் மெல்லிசாப் பரப்பு. அதே ஆறு தட்டுதான, எதுக்கு இம்புட்டு ஒசரம்?"

காலையில் கேட்டில் நின்று கொண்டை ஊசியையும் ஊக்கையும் கழற்றிக் கொடுப்பாய். அதோடு சேர்த்து "என்னங்க"வையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாய். உள்ளே நான் உனக்கு வெறும் போர்மேன். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "கேட்டுக்குள்ள போர்மேன், வெளிய வந்தா வீட்டுக்காரர். இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று அவர்களைக் கேட்பாய். நீ அந்த எல்லையை ஒரு நாளும் தாண்டியதில்லை. நான்தான் போர்மேனைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

சட்டைப் பையில் இன்னொன்றும் இருக்கும், அந்த நீலப் பென்சில். பேனாவில் இரும்பு இருக்கிறது என்று மேடைப் பக்கம் பேனாவை விடமாட்டார்கள். பரப்பி முடித்ததும் நான் வந்து விரலை வைத்துக் கனம் பார்ப்பேன். சரியாக இருந்தால் அந்த மேடைக்கான சீட்டில், கீழே இருக்கிற சின்னக் கட்டத்தில், நீலத்தில் ஒரு டிக். டிக் விழாமல் யாரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. "டிக் போட்டாச்சு, இறங்கு." ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். உன் மேடையில் மட்டும் குறை கண்டுபிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன். பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? சித்திரை வெயிலில் நீ சீட்டை நீட்டியபடி நின்றுகொண்டிருப்பாய்.

உனக்கு முப்பத்தொரு வயது நடக்கும்போது, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதப்போகிறேன் என்றாய். நம் செல்வி அப்போது ஐந்தாவது படித்தாள். நம் தெரு அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மா இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார், பத்தாவது இருந்தால் மனுப் போடலாம் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். "ஒரு கூரைக்குள்ள உக்காந்து வேலை பாக்கணும்க. வெயிலே வேணாம்" என்றாய். நம் கல்யாணத்துக்குப் பிறகு நீ உனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் சந்தோஷம்தான். நான் பதினொன்றாவது வரை போனவன் என்பது நம் வீட்டில் பெரிய படிப்பு. ஞாயிற்றுக்கிழமை சிவகாசி டுடோரியல், மற்ற நாள் சாயங்காலம் நானே வாத்தியார் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தேன்.

அந்தச் சாயங்காலம் கையில் இருக்கிற இந்தப் பேப்பரைப் போலவே எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. நிகழ்வுச் செவ்வகம் வரைகிற கணக்கு. ஒரு ஊரில் எந்த வயதில் எத்தனை பேர் என்று அட்டவணை கொடுத்திருந்தார்கள். பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஆறு பேர். பதினைந்திலிருந்து இருபதுக்குள் பத்துப் பேர். இருபதிலிருந்து முப்பதுக்குள் பதினெட்டுப் பேர். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருபது பேர். முதல் இரண்டு பிரிவும் ஐந்தைந்து வருஷம், அடுத்தது பத்து, கடைசியது இருபது. அகலம் ஒன்றுபோல் இல்லை. அதுதான் அந்தக் கணக்கில் இருந்த சூட்சுமம். நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எத்தனை பேரோ அத்தனை உயரம் என்று நாலு செவ்வகத்தைக் கோடு பிசகாமல் எழுப்பினேன். கடைசிச் செவ்வகம் கல்யாண மண்டபம் மாதிரி அகலத்திலும் உயரத்திலும் பெரிதாக, மற்ற மூன்றையும் அமுக்கிக்கொண்டு நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நீ தலையைச் சாய்த்துப் பார்த்தாய்.

"ஏங்க, இந்தக் கடைசிக் கட்டம் இம்புட்டு ஒசரமா நிக்குமா?"

"இருபது பேருன்னு போட்டிருக்குல்ல. அப்ப இருபது கட்டம் ஏறணும்."

"இருபது பேருதான். ஆனா இருபது வருசத்துக்குள்ள பரந்து கெடக்காக. இந்தா, பதினஞ்சுலருந்து இருபதுக்குள்ள பத்துப் பேரு நெருக்கியடிச்சு நிக்காக. அங்கனதான ஒசரம் கூட வரணும்?"

"ஒன் இஷ்டத்துக்கு ஒசரம் வைக்க இது என்ன கோலமா?"

"மேடையில ஒரு கணக்கு, பேப்பர்ல ஒரு கணக்கா? அகலமான மேடைன்னா மெல்லிசாப் பரப்புன்னு நீங்கதான தெனமும் கத்துறீக."

பதில் தெரியாதவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். "நான் சொல்றத மட்டும் போடு. இங்க யாரு போர்மேன்?" என்றேன்.

நீ பென்சிலைக் கீழே வைத்தாய். பிறகு, "சரி போர்மேன்" என்றாய். வீட்டுக்குள் நீ என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கே எனக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன்.

பரீட்சை விருதுநகரில். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன், "அந்தச் செவ்வகம் வந்துச்சா?" என்று. "வந்துச்சு. வேற நம்பரு. நீங்க சொன்னபடிதான் போட்டேன்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ காராச்சேவு வாங்கி, பஸ்ஸிலேயே பாதியைத் தின்று தீர்த்தோம். உன் மடியில் பொட்டலம், ஜன்னல் ஓரம் நீ. அவ்வளவு சிரித்து நான் உன்னைப் பார்த்ததில்லை.

கணக்கில் மூன்று மார்க்கில் போனது. மற்ற எல்லாப் பாடமும் பாஸ்.

திரும்ப எழுதலாம் என்று டுடோரியலில் சொன்னார்கள். நீயும் எழுதத்தான் நினைத்திருப்பாய். ரிசல்ட் வந்த மறுநாள் மேடையில் பெண்கள் எல்லாரும் உன்னைச் சுற்றிக்கொண்டு விசாரித்தபோது நான் அந்தப் பக்கமாகப் போனேன். "விடுங்க, அவளுக்குக் கணக்கு வராது" என்றேன். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். நீ குனிந்து மருந்தைப் பரப்பிக்கொண்டிருந்தாய், நிமிரவில்லை. அதற்குப் பிறகு பத்தாவது என்ற பேச்சை நீ எடுக்கவே இல்லை. இரண்டு வருஷத்தில் அங்கன்வாடிக்கு வேறொரு பெண் வந்தாள். பரீட்சை எழுதிய பிறகும் நீ பதினாறு வருஷம் வெயிலில் நின்றாய்.

இனி நான் செய்த அடுத்த தப்பு. செல்வி ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் அவளுடைய கணக்கு நோட்டு கட்டிலில் கிடந்தது. சும்மா புரட்டினேன். அதே மாதிரி அட்டவணை, அகலம் வேறு வேறாக. ஆனால் அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி, 'திருத்திய நிகழ்வெண்' என்று தலைப்பிட்டு. இருக்கிறதிலேயே சின்ன அகலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றப் பிரிவுகளில் அது எத்தனை மடங்கு அடங்குகிறதோ, அத்தனையால் எண்ணிக்கையை வகுக்க வேண்டும். அதுதான் உயரம். மனதுக்குள்ளேயே நம் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முப்பதிலிருந்து ஐம்பது என்றால் ஐந்து வருஷம் நாலு மடங்கு, இருபது பேரை நாலால் வகுத்தால் ஐந்து. இருபது கட்டம் எழுப்பிய என் மண்டபம் ஐந்து கட்டத்துக்கு இறங்கிவிட்டது. பத்துப் பேர் நின்ற ஒடுக்கமான பிரிவு எல்லாவற்றையும்விட உயரம். ஆட்களின் எண்ணிக்கையைச் செவ்வகத்தின் உயரம் சொல்லாது, அது அடைக்கிற பரப்புதான் சொல்லும். நீ தலையைச் சாய்த்துச் சொன்னது அப்படியே அச்சில் இருந்தது.

நீ அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். பத்தடி தூரம்கூட இல்லை. எழுந்து வந்து, "நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். உனக்கு விஷயம் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் உன் சீட்டில் சீக்கிரமாக டிக் போட்டேன். என்னால் முடிந்த பரிகாரம் அவ்வளவுதான்.

பிறகு உனக்குக் கிட்னி போய், வாரம் இரண்டு தடவை மதுரைக்கு அலைந்தோமே, அப்போதும் எனக்கு எத்தனையோ மணி நேரம் வாய்த்தது. நான் வேலையை விட்டுவிட்டேன், நீயும் மேடைக்குப் போவதில்லை. பக்கத்துப் பக்கத்து சீட், பேசுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது. ஒரு நாள் கள்ளிக்குடிப் பக்கம் போகும்போது துணிந்து வாயைத் திறந்தேன்.

"ஏய், அந்தப் பத்தாவது பரீட்சை..."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமா?"

"என்னமோ சொல்ல வந்தீக. சொல்லுங்க."

"கள்ளிக்குடி வந்துருச்சுன்னு சொன்னேன்."

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் கன்னம் லேசாக அசைந்தது, சிரித்தாய் என்று இப்போது தெரிகிறது. வைகாசியில் நீ போய்விட்டாய்.

இப்போது வலது பாதிக்கு வருகிறேன். அங்கே இருந்தது அதே அட்டவணைக்கான படம். பச்சை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. செல்வி ஒன்பதாவது படிக்கும்போது நான் வாங்கிக் கொடுத்த ஸ்கெட்ச் பெட்டி அது. செவ்வகங்களின் உயரம் ஆறு, பத்து, ஒன்பது, ஐந்து. கடைசியது அகலமாக, தணிவாக, நன்றாகப் பரப்பிய மேடை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் உன் உருண்டை எழுத்தில் எண். என்னுடைய மண்டபத்தை நீ அடிக்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. பக்கத்தில் உன்னுடையதை வரைந்து வைத்திருந்தாய், அவ்வளவுதான்.

செல்விக்கு ஓசூருக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானாகக் கூப்பிட மாட்டேன் என்பதால் பயந்துபோய் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மாதாம்ப்பா எனக்கு அந்தக் கணக்கச் சொல்லிக்குடுத்தாக. மிஸ் நடத்துனது வெளங்கலன்னு சொன்னேன். மணி மருந்த மேடையில பரப்புற மாதிரி நெனச்சுக்கோ, மேடை அகலமானா ஒசரம் கொறையும்னாக. அப்புறம் புஸ்தகத்துக்குள்ள இருந்து ஒரு பழைய பேப்பர எடுத்துட்டு வந்து அவுகளே வரஞ்சு காமிச்சாக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாவுக்குத் தெரிய வேணாம், அவுக மனசு சங்கடப்படும்னாக. தூரப் போட்ருவோமான்னு கேட்டேன். வேணாம், இருக்கட்டும்னு அலமாரியில வச்சாக. பொங்கலுக்குப் பேப்பர் மாத்துறப்பல்லாம் அத மட்டும் எடுத்துத் தொடச்சுத் திரும்ப வச்சிருவாக. நீங்க பாத்ததே இல்லையாப்பா?"

நான் பார்த்ததே இல்லை. பதினான்கு பொங்கல். அந்த அலமாரியில் என் கை பட்டதே நீ போன பிறகுதான். நான் நோட்டை மூடிய அதே வருஷம்தான் நீ இதை வரைந்திருக்கிறாய். உனக்குத் தெரியாது என்று நான் மறைத்தேன். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று நீ மறைத்தாய். நான் மறைத்தது வீம்பினால், நீ மறைத்தது இரக்கத்தினால். ஆக, ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். வீட்டில் பேச ஆளில்லை என்று இந்த எட்டு மாதமாக எல்லாரிடமும் சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். ஆள் இருந்தபோது நான் பேசிய லட்சணம் இதுதான்.

செல்வி ஓசூருக்கு வந்து இருக்கச் சொல்கிறாள். போகவில்லை. பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போதுதான் முடியவில்லை. உன்னோடு இருந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது இப்படிக் கனத்ததாக எனக்கு நினைவில்லை. அகலமாகப் பரந்து கிடந்ததால் அதன் உயரம் எனக்குத் தெரியவில்லை, தணிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்து நடந்துகொண்டே இருந்துவிட்டேன். இந்த எட்டு மாதம் ஒடுக்கமான பிரிவு. எல்லாம் ஒரே இடத்தில் கும்பமாக ஏறி நிற்கிறது. பரப்பிவிடச் சொல்லிக் கத்த எனக்குத் தெரியும், என்னுடையதைப் பரப்பத் தெரியவில்லை.

நீ அந்தக் கடைசிப் பிரிவுக்குள்தான் இருந்தாய் என்பதும் இன்றைக்குத்தான் உறைத்தது. முப்பத்தொன்றில் பரீட்சை எழுதினாய், நாற்பத்தொன்பதில் போனாய். முப்பதிலிருந்து ஐம்பது வரை. நான் தப்பாக வரைந்த செவ்வகத்துக்குள் உன்னை நிற்க வைத்தேன், நீயும் நின்றாய். மன்னித்துவிடு. உனக்குக் கணக்கு வரும். எனக்குத்தான் வரவில்லை. மேடையில் அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்க வேண்டும், அந்தப் பெண்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. விஸ்வநத்தத்தில் இரண்டு பேர் இருப்பதாகச் செல்வி சொன்னாள். போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. உன் படத்துக்குக் கீழே, வலது மூலையில், ஸ்கேல் வைத்து ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறாய். முதலில் அது கணக்கில் சேர்ந்தது என்று நினைத்தேன். அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதில் எதற்கும் அது பொருந்தவில்லை. பிறகுதான் புரிந்தது. மேடைச் சீட்டில், கீழே, என் டிக்குக்காக விட்டிருக்கும் கட்டம். காலியாக விட்டு வைத்திருந்தாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் துடைத்து, காலியாகவே திரும்ப வைத்திருக்கிறாய்.

வேலையை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்த நீலப் பென்சில் துண்டு என் பையை விட்டுப் போகவில்லை. துவைக்கப் போடுகிற சட்டையிலிருந்து எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொள்கிறேன், ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரு விரலளவுதான் மிச்சம் இருக்கிறது. அதை எடுத்து, அடுப்படித் தரையில் பேப்பரை விரித்து வைத்து, மேடையில் பார்ப்பதுபோல உன் செவ்வகங்கள் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கனம் பார்த்தேன். எங்கேயும் குறையில்லை. குறை கண்டுபிடிக்க இந்தத் தடவை நான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

டிக் போட்டாச்சு. இறங்கு.